சுவரில் ஏறாத தொலைபேசி வரலாறு

வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று, சுவர்களிலும் எழுதப்படுகிறது. எழுத்தறியாதவனும் படிக்கக்கூடிய ஏடு சுவர்தான். ஆயின் அந்த ஏட்டில் எழுதும் உரிமை எல்லாக் காலத்திலும் சுவருக்குரியவரிடமே இருந்து வந்துள்ளது. இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்துச் சுவர்களிற் சேதுபதி மன்னரின் போரும் கொலுவும் வண்ணத்தில் விளங்குகின்றன. மன்னன் கட்டிய சுவர் மன்னனைப் பாடுவதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபு உடைந்தது. மெக்சிக்கோப் புரட்சியின் பின் அந்நாட்டு ஓவியர்கள் உழவனையும் தொழிலாளியையும் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் ஏற்றினர். அவர்களுள் ஒருவரான தியேகோ ரிவேரா, 1932, 1933ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரிற் கார்த் தொழிற்சாலையின் உழைப்பைச் சுவரெங்கும் தீட்டினார். அதே ஓவியர் நியூயோர்க்கில் ரொக்பெல்லரின் கட்டடத்தில் லெனினின் உருவத்தைத் தீட்டியபோது வேலை நிறுத்தப்பட்டது. 1934இல் ஓவியம் சுவரோடு இடித்தெறியப்பட்டது. சுவர் யாருடையது என்ற வினாவை ஓவியன் மறந்தாலும் சுவரின் சொந்தக்காரன் மறப்பதில்லை.

நமது குடாநாட்டிலும் சுவர்கள் வண்ணம் பெற்றன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையெங்கும் இளைஞர்கள் தூரிகை ஏந்தித் தெருவில் இறங்கியபோது யாழ்ப்பாணத்துச் சுவர்களிலும் ஓவியங்கள் தோன்றின. அழுக்கேறிக் கிடந்த மதில்கள் அழகுபெற்றதை நாம் வரவேற்கிறோம். ஆனாற் பழம்பெருமையைக் கொண்டாடுவதிற் காட்டிய ஆர்வத்தை, நேற்றுவரை நம்மிடையே வாழ்ந்து உழைத்த மனிதரைப் பதிவதிலும் காட்டினோமா? மன்னனின் மகுடம் நமக்கு மனப்பாடம். தந்திக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் முகம் நம் நினைவில் இல்லை.

இக்குறையை நன்கு உணர்த்தும் எடுத்துக்காட்டு ஒன்று கனடாவில் உண்டு. வான்கூவர் தீவிலுள்ள செமெய்னஸ் என்பது மரம் அரியும் ஆலையை நம்பி வாழ்ந்த சிறிய ஊர். 1862ஆம் ஆண்டிலிருந்து அங்கு மரம் அரியப்பட்டு வந்தது. 1983இல் ஆலை மூடப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்வூரார் தமது சுவர்களிற் சொந்த வரலாற்றைத் தீட்டத் தொடங்கியிருந்தனர். பின்னாளில் அவ்வோவியங்கள் நாற்பதைத் தாண்டின. அவற்றுள் ஒன்று, 1915ஆம் ஆண்டளவில் அவ்வூரில் இயங்கிய தொலைபேசிக் கம்பெனியைப் பற்றியது.

சுற்றுலாப் பயணிகளை வரவழைத்து வியாபாரத்தைப் பெருக்கும் நோக்கம் அம்முயற்சியில் இருந்ததென்பது உண்மை. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது. ஆலையிலிருந்து கப்பலுக்கு மரம் சுமந்த சீனத் தொழிலாளர் கூட்டம் அச்சுவர்களில் இருக்கிறது. 1942இற் கனடிய அரசு பசிபிக் கரையிலிருந்து ஜப்பானிய வமிசத்தினரைக் கூட்டாக வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. செமெய்னஸ் ஊரில் வாழ்ந்த ஜப்பானியரும் அதற்குத் தப்பவில்லை. அவர்களுடைய வாழ்வும் இன்று அவ்வூர்ச் சுவரில் இடம்பெற்றுள்ளது. தன்னாற் சுமைகூலியாக நடத்தப்பட்டவரையும் தன்னிடமிருந்து துரத்தப்பட்டவரையும் ஓர் ஊர் தன் சுவரில் ஏற்றுகிறதென்றால், அது சிறு செயலன்று.

ஆலை, கடை, புகைவண்டி ஆகியவற்றோடு தொலைபேசிக்கும் அங்கே ஒரு சுவர் கிடைத்ததேன்? தொலைபேசியின் கதை கருவியின் கதை மட்டுமன்று. யார் பேசினார், யார் இணைத்தார், யார் அறுத்தார் என்ற மூன்று வினாக்களின் கதை அது. இம்மூன்றையும் யாழ்ப்பாணத்தின்மேல் வைத்துப் பார்த்தால் நமது சுவரில் ஏறவேண்டிய சித்திரங்கள் தாமே தோன்றும்.

கம்பி வருமுன்னரும் செய்தி நடந்தது. நெடுந்தீவில் இன்றும் நிற்கும் கல்லாலான புறாக்கூடு, கடல் கடந்து செய்தி அனுப்ப அந்நியர் ஆட்சியிற் பறவையைப் பழக்கியதன் சின்னமென்று சொல்லப்படுகிறது. கொழும்பிலும் இதே நிலைதான். காலித் துறைமுகத்திற் கப்பல் கொணர்ந்த செய்திகளை 1850களிற் கொழும்பிலிருந்த 'ஒப்சேவர்' பத்திரிகை புறாக்கள் மூலமே பெற்றது.

ஆனால் ஊருக்குள், வீட்டுக்கு வீடு, செய்தியைச் சுமந்தது பறவையன்று, மனிதன். சாவீட்டுச் செய்தியை ஊர் ஊராகச் சென்று அறிவிக்கும் வேலை குடிமைத் தொழிலாளர் தலையிற் கட்டப்பட்டிருந்தது. வெயிலென்றும் மழையென்றும் பாராது நடந்து, படலைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். அது சம்பளத்துக்குச் செய்த உத்தியோகமன்று. சாதியின் பேராற் சுமத்தப்பட்ட கடமை. நமது தொலைத்தொடர்பு வரலாற்றின் முதல் ஊழியர் இவர்களே. அவர்களுக்குக் கிடைத்த கூலி, படலைக்கு வெளியே நிற்கும் உரிமை!

பிரித்தானியர் ஆட்சியில் தந்தி வந்தது. 1858இற் கொழும்பும் காலியும் கம்பியால் இணைக்கப்பட்டன. மக்கள் நலங்கருதி வந்த கம்பியன்று அது. கப்பலும் கோப்பித் தோட்டமும் நிர்வாகமும் வேண்டிய கம்பி அது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆங்கிலேயருக்குக் கைகொடுத்த ஆயுதங்களுள் தந்தியும் ஒன்றென்பதை நாம் அறிவோம். கடலடிக் கம்பியைத் தண்ணீரிலிருந்து காத்தது கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால். அதற்காக மலாயா, போர்ணியோக் காடுகளிற் கணக்கற்ற மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. பேரரசின் குரல் பயணம் செய்ய ஆசியாவின் காடு விலை கொடுத்தது.

அதே மலாயாவுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். மிஷன் பள்ளிக்கூடங்களிற் கற்ற ஆங்கிலம் அவர்களை றெயில்வே, நில அளவை, தபால் தந்திப் பகுதிகளில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்த்தியது. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளை ஊரிற் கல்வீடாயிற்று, சீதனமாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. 'மணியோடர் பொருளாதாரம்' என்று யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்தது வீணன்று. 1905இல் வடபகுதிக்குப் புகைவண்டிப் பாதை முழுமைபெற்றபோது தபாற்பை இன்னும் விரைந்து வந்தது.

இங்ஙனம் வெளியூர்க் காசில் வாழ்ந்த ஒரு சமூகத்துக்குத் தபாற் கந்தோர் கோயிலுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. தபாற்காரர் வரும் நேரம் பார்த்துத் தாய்மார் ஒழுங்கையில் நின்றனர். தந்திச் சேவகர் சைக்கிளைத் திருப்பிய வீட்டிலோ, உறையைப் பிரிக்குமுன்பே அழுகுரல் எழுந்துவிடும். நல்ல செய்திக்குக் கடிதம், கெட்ட செய்திக்குத் தந்தி என்பது ஏழை எளியவரின் கணக்கு.

இனித் தொலைபேசிக்கு வருவோம். 1876இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தனியார் கம்பெனி ஒன்று தொலைபேசி நிலையங்களைத் திறந்தது. கொழும்பும் அந்நூற்றாண்டு முடியுமுன் அவ்வரிசையிற் சேர்ந்தது. வியாபார நிலையங்களும் அரசாங்கக் கந்தோர்களுமே அதன் முதற் பயனாளிகள். கருவி எங்கே முதலிற் போகிறது என்று பார்த்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். குடாநாட்டிலும் அவ்வாறே. கச்சேரி, பொலிஸ், ஆசுபத்திரி, பெருங்கடை, வழக்கறிஞர் இல்லம் என்ற வரிசையில் அது நடந்தது. புகையிலைத் தோட்டத்து உழவனுக்கும் கரைவலை இழுத்த மீனவனுக்கும் தொலைபேசி என்றால், தபாற் கந்தோரிற் காத்திருந்து எடுக்கும் 'றங்கோல்' என்ற தொலைதூர அழைப்புத்தான்.

அந்தக் காத்திருப்பை இன்றைய மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். பழைய தொலைபேசியில் எண்வட்டம் இல்லை. கைப்பிடியைச் சுழற்றினால் மின்சாரம் எழுந்து, நிலையத்துப் பலகையில் ஒரு சிறு மூடி விழும். அங்கே அமர்ந்திருப்பவர் கம்பியின் முளையை அக்குழியிற் செருகி, யார் வேண்டும் என்று கேட்பார். இன்னொரு முளையை மறுகுழியிற் செருகினாற் பேச்சு தொடங்கும். வெளியூர் அழைப்பாயின் அடுத்த நிலையத்தை அவர் எழுப்பவேண்டும். அந்நிலையம் அதற்கடுத்ததை எழுப்பவேண்டும். ஊர்களுக்கிடையே கம்பிகள் சிலவே. ஆகவே பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருக்க நேரும். இணைப்புக் கிடைத்த பின்னும் சில நிமிடங்களே கிடைக்கும். இரு மனிதர் பேசிக்கொள்ள நடுவில் எத்தனை மனிதரின் காதும் கையும் உழைத்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

உலகெங்கும் அந்தக் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள். 1878இற் பொஸ்தன் நகரில் எம்மா நட் என்ற பெண் அவ்வேலைக்கு முதன்முதலாக அமர்த்தப்பட்டார். பெண் பொறுமையாகப் பேசுவாள், குறைந்த கூலிக்கு வருவாள் என்பது கம்பெனிகளின் கணக்கு. அக்கணக்கு ஒருநாள் பிழைத்தது. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் தொலைபேசிப் பெண்கள் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர், ஜூலியா ஓகொன்னர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறு நாட்களிற் கம்பெனி பணிந்தது, கூலி உயர்ந்தது. குரலை இணைத்தவர்கள் தம் குரலையும் இணைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? தானியங்கி நிலையம் 1892இலேயே அமெரிக்காவிற் பிறந்துவிட்டது. அது மெல்ல மெல்ல அப்பெண்களின் நாற்காலிகளைக் காலியாக்கியது. எந்திரம் மனிதனின் சுமையைக் குறைப்பதும், அதே எந்திரம் அவன் சோற்றைப் பறிப்பதும், எந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

இலங்கையின் அரசாங்க ஊழியருக்கும் ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் நாள், கொழும்பில் ஊர்வலம் சென்றோர்மீது பொலிசார் சுட்டனர். எழுதுவினைஞர் கந்தசாமி அங்கு உயிர் நீத்தார். தமிழரான அவருக்காகச் சிங்களத் தொழிலாளர் கண்ணீர் வடித்தனர். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1956இற் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. ஒரே கந்தோரில் அருகருகே இருந்த இருவருக்கிடையில் மொழி மதிலாக எழுப்பப்பட்டது. கந்தசாமியின் குருதி இணைத்ததை அச்சட்டம் அறுத்தது. ஆளும் வர்க்கத்துக்கு ஊழியரின் ஒற்றுமையை உடைக்கத் துப்பாக்கியினும் மொழி எளிதான கருவியாயிற்று.

அதன் எதிரொலி 1961இல் யாழ்ப்பாணத்தில் எழுந்தது. கச்சேரியின் முன் பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய சத்தியாக்கிரகம் வாரக்கணக்கில் நீடித்தது. ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தமிழரசுத் தபாற் சேவையைத் தொடங்கிவைத்தார், முத்திரைகள் விற்கப்பட்டன. சில நாட்களுக்குள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, தலைவர்கள் கைதாயினர். அக்கட்சியின் வர்க்கச் சார்பு பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். எனினும் அரசு எதைக் கண்டு அஞ்சியது என்பதைக் கவனிக்கவேண்டும். வாரக்கணக்கான மறியலைப் பொறுத்திருந்த அரசு, மக்கள் தாமே கடிதம் அனுப்பத் தொடங்கியதும் படையை ஏவியது. செய்தியைக் கொண்டுசெல்லும் உரிமை அதிகாரத்தின் நரம்பு. அதில் மற்றவர் கைவைப்பதை எந்த அரசும் பொறுப்பதில்லை.

அந்நரம்பை அறுத்து ஒரு மக்கள் கூட்டத்தையே ஊமையாக்கலாம் என்பதை நமது தலைமுறை கண்ணாரக் கண்டது. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, தொலைபேசி ஓய்ந்தது. கோட்டையைச் சுற்றி நடந்த போரில் மாநகர மண்டபம் உட்பட நகரின் பொதுக் கட்டடங்கள் இடிபாடுகளாயின. வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் பற்றரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் எம்மவர் வானொலிச் செய்தி கேட்டனர். உலகம் செய்மதிவழியே பேசிக்கொண்டிருந்த காலம் அது!

ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் அப்போது கனடாவிலும் ஐரோப்பாவிலும் அகதிகளாக இருந்தனர். மகனின் குரலைக் கேட்பதானால் தாய், கிளாலிக் கடலேரியை இரவிற் படகிற் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்லவேண்டும். 1993 ஜனவரியில் அக்கடலேரியிற் படகேறிய பொதுமக்கள் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். மறுபுறத்தில், குடாநாட்டை ஆண்ட இயக்கமோ 'பாஸ்' இன்றி எவரையும் வெளியே விடவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கு உயிரைப் பணயம் வைத்த மக்கள் உலகில் எத்தனை பேர் இருப்பர்? வவுனியாவிலும் கொழும்பிலும் 'கொமினிகேசன்' என்று நாம் அழைத்த சிறு கடைகளின் வாங்குகளில், கடிகாரத்தையும் கட்டணத்தையும் பார்த்தபடி, அழுவதா பேசுவதா என்றறியாது நேரத்தை இழந்த தாய்மாரை நாம் மறக்கலாகாது.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் ஏ-9 பாதையைத் திறந்தது, கைத்தொலைபேசியும் வந்தது. 2006 ஆகஸ்டில் அப்பாதை மீண்டும் மூடப்பட்டபின் தொலைபேசிகளும் பலமுறை ஓய்ந்தன. போர் 2009இல் முடிந்தது. ஆனால் அறுக்கும் கை ஓயவில்லை. 2019 ஏப்ரற் குண்டுவெடிப்புகளின் பின்னும், மக்கள் கிளர்ந்தெழுந்த 2022 ஏப்ரலிலும், இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 ஆகஸ்டிற் காஷ்மீரில் மாதக்கணக்கில் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அன்று கம்பியை அறுக்க மனிதன் கம்பத்தில் ஏறவேண்டியிருந்தது. இன்று ஒரு கட்டளை போதும். யாழ்ப்பாணம் 1990இற் கற்ற பாடம் இன்று உலகத்துக்கே உரிய பாடமாகிவிட்டது.

ஆகவே நமது சுவரில் ஏறவேண்டியவை எவை? படலைக்கு வெளியே நின்று சாச்செய்தி சொன்ன குடிமைத் தொழிலாளி. தந்திச் சேவகரின் சைக்கிள். முளையைச் செருகிய கைகள். வெயிலிற் காய்ந்த இரும்புக் கம்பத்திற் கம்பி இழுத்த தொழிலாளி. கந்தசாமி. தைனமோவைச் சுழற்றும் சிறுவன். கிளாலிப் படகிற் கைக்குழந்தையோடு குந்தியிருக்கும் பெண். இவற்றோடு இன்னுமொரு சித்திரமும் வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தொலைபேசியும் பத்திரிகையும் சென்றெட்டாத அந்த நாட்களில், அவர்களின் அழுகுரல் ஒழுங்கையைத் தாண்டவில்லை. தாண்டியவிடத்தும் கேட்டவர் சிலரே. செமெய்னஸ் ஊர், துரத்தப்பட்ட ஜப்பானியரைச் சுவரில் ஏற்றியது. நாம் சோனகத் தெருவின் மக்களை ஏற்றுவோமா? நம்மேல் இழைக்கப்பட்ட அநீதியை மட்டும் தீட்டும் சுவர் பாதிச் சுவரே.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டாம். வேண்டியது உழைப்பு. தபாற் பகுதியிலும் தொலைத்தொடர்புப் பகுதியிலும் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் நிலையப் பலகை எப்படி இருந்தது, இரவுக் கடமையில் என்ன கேட்டார்கள், குண்டு விழுந்த நாளில் எந்தக் கம்பி கடைசியாகப் பேசியது என்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பின் வேலையாக்கலாம். மாணவர்கள் பேனையும் கொப்பியுமாக ஒவ்வொரு வீட்டுப் படலையையும் தட்டலாம். பழைய தந்திகள், மணியோடர்த் துண்டுகள், வெளிநாட்டு எண்கள் குறித்த நாட்குறிப்புகள் பல வீடுகளின் அலுமாரியில் உள. 1981இல் நூலகம் எரிந்தபோது ஏட்டில் எழுதியவை எத்தனை விரைவில் அழியும் என்பதை அறிந்தோம். மனிதரின் நினைவில் இருப்பவை அதனினும் விரைவாக அழிகின்றன.

சேர்த்ததைச் சுவருக்குக் கொண்டுவருவது ஓவியம் பயிலும் இளைஞரின் கடமை. கம்பெனி விளம்பரத்துக்கு ஒதுங்கிய மூலையிலன்று, பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பள்ளிக்கூட மதிலிலும் அது வரவேண்டும். கையிலுள்ள கருவியில் உலகத்தோடு பேசிக்கொண்டு அவ்வழியே செல்லும் ஒரு மாணவி, சுவரைப் பார்த்து ஒரு கணம் நிற்கட்டும். தன் குரலுக்குப் பின்னால் எத்தனை பேரின் கால்களும் கைகளும் உள்ளன என்பதை அவள் அறியட்டும். அக்குரலை அறுக்க வல்லவர் யார் என்பதையும் அறியட்டும். அறிந்தவரை ஊமையாக்குதல் எளிதன்று.